அறுபத்தொரு கிலோ

பட்டனக்கா வீட்டுச் சமையலறையில் எந்த டப்பாவைத் தூக்கிக் கவிழ்த்தாலும் அடியில் ஒரு எண் கீறியிருக்கும். சர்க்கரை டப்பாவில் நூற்று எண்பது. டீத்தூள் டப்பாவில் தொண்ணூற்றைந்து. மாவு டப்பாவில் நானூற்றுப் பத்து. எல்லாம் வெறும் டப்பாவின் எடை, கிராம் கணக்கில். கல்யாணமான முதல் வாரத்தில் மற்ற ஆண்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்காவது சுற்றிவிட்டு வருவார்கள். இவள் கணவர் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஏதோ அலமாரி அடித்துத் தரப் போகிறார் என்று நினைத்து, புதுப்பெண் பூரித்துப்போய் டீ வேறு போட்டுக் கொடுத்தாள்.

அவர் தராசு பழுது பார்க்கிறவர். கடை கடையாகப் போய், எடை காட்டும் கருவிகளைப் பிரித்து, துடைத்து, படிக்கல் வைத்துச் சோதித்து, முத்திரை குத்திவிட்டு வருவார். நல்ல வேலைக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது. தெருவில் முகத்துக்கு நேரே தராசுக்காரர் என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் 'கிராம்'. அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கேலி என்று அவருக்குப் படவே இல்லை. பட்டம் கொடுத்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பட்டனக்காவுக்கு அந்தப் பெயர் சட்டைக் கம்பெனியில் வைத்தது. தைத்த சட்டைகளைக் கட்டுக் கட்டாக வீட்டுக்கே அனுப்புவார்கள். இவள் பட்டன் தைத்து, நூல் பிசிறு வெட்டி, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன், கைப்பட்டி இரண்டையும் சேர்த்தால் ஒன்பது. பன்னிரண்டு வருடமாகக் குனிந்து குனிந்து தைத்ததில் கழுத்துக்குப் பின்னால் ஒரு இடம் எப்போதும் கல்லாக இறுகிக் கிடந்தது. வார முடிவில் வரும் கூலி அப்படியே வீட்டுப் பெட்டிக்குள் போகும். பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வீட்டில் வரவு செலவுத் திட்டம் போடப்பட்ட விதத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், அங்கே குடியிருக்காதவர்களுக்கு மட்டும். மூடிப்போன ஒரு தானியக் கிடங்கிலிருந்து தராசுக்காரர் ஒரு பழைய இரும்புத் தராசை வாங்கி வந்து படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். மூட்டை நிறுக்கிற தராசு. கீழே பலகை, மேலே நீளமான கம்பி, கம்பியில் ஒரு குண்டு. குண்டைத் தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கம்பி நேராக நிற்கும், அதுதான் எடை. கம்பியில் இருந்த எண்கள் எப்போதோ தேய்ந்துவிட்டன. பள்ளங்களை எண்ணித்தான் படிக்க வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரே.

மாதாமாதம் ஒன்றாம் தேதி காலை குடும்பம் மொத்தமும் அதில் ஏறி இறங்கும். தராசுக்காரர் எடையைச் சொல்ல, பன்னிரண்டு வயதுப் பெரியவள் பென்சிலால் கதவை ஒட்டிய கூடத்துச் சுவரில் எழுதுவாள். அம்மாவுக்கு ஒரு வரிசை, பெரியவளுக்கு ஒன்று, ஏழு வயதுச் சின்னவளுக்கு ஒன்று, கடைசியில் அப்பாவுக்கு ஒன்று. யாருக்கும் எடை குறையவில்லை என்றால் போன மாதச் செலவுப் பணம் போதுமானது, இந்த மாதமும் அதே பணம். குழந்தைகளுக்கு ஏறியிருந்தால் போதுமானதற்கும் மேல். ஒரு மாதம் பட்டனக்காவுக்கு இரண்டு கிலோ குறைந்துவிட்டது. "அது வெயிலுக்கு" என்றார் தராசுக்காரர். இப்படியொரு நிதியமைச்சர் வாய்க்க எந்த நாடும் எந்தக் காலத்திலும் பாவம் செய்திருக்காது. இந்த வீடு செய்திருந்தது.

அவருடைய எடை மட்டும் அசையாது. கடைசியாகப் பலகையில் ஏறி, தானே குண்டைத் தள்ளி, தானே குனிந்து பள்ளங்களை எண்ணி, "அறுபத்தொண்ணு. நூல் பிசகல" என்பார். நான்கு வருடமாக அறுபத்தொன்று. சுவரில் அந்த வரிசை, தண்டனை எழுதச் சொன்ன பிள்ளையின் நோட்டுப்போல அறுபத்தொன்று, அறுபத்தொன்று என்று இறங்கிக்கொண்டே போனது. இதே நான்கு வருடத்தில் பட்டனக்கா அவர் சட்டைகளில் பட்டனை மூன்று முறை அரை விரல் தள்ளித் தைத்துக் கொடுத்திருந்தாள். கால்சட்டையின் கொக்கியை நகர்த்த இனித் துணியே இல்லை. "வாயு" என்பார். "வயசாகுதில்ல" என்பார். பட்டன் தைத்தே விரல் காய்த்துப்போனவள் அவள். ஒரு சட்டை இறுக்கமா தளர்வா என்று தூரத்தில் வருகிறவரைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனாலும் தன் கையில் இருந்த நூலை நம்பாமல் சுவரில் இருந்த எண்ணை நம்பினாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அப்படி ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது.

தராசுக்காரருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய சாலையில் இருக்கிற பேக்கரிக்குப் போய் அங்குள்ள தராசைச் சரிபார்த்துவிட்டு வருவார். வாராவாரம் தவறாமல் கெட்டுப்போகிற தராசு உலகத்திலேயே அது ஒன்றுதான். "பேக்கரிக்காரர் கூலி குடுக்கிறதில்ல. பழகின மனுஷன், நானும் கேக்கிறதில்ல" என்று சொல்லியிருந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் தன் தட்டில் பாதியை எடுத்துக் குழந்தைகளுக்கு வைத்துவிடுவார். "அப்பாவுக்குப் போதும். நீங்க சாப்பிடுங்க, வளர்ற பிள்ளைங்க." குழந்தைகள் நன்றி சொல்ல வேண்டும், அது வீட்டு விதி. இருவரும் ஒரே குரலில், "தேங்க்ஸ்ப்பா" என்பார்கள். அவர் கண்ணை மூடித் திறந்து ஏற்றுக்கொள்வார். பட்டனக்காவுக்கே அந்த நேரத்தில் மனசு இளகிப்போகும். என்ன கஞ்சத்தனம் செய்தாலும் பிள்ளைகள் விஷயத்தில் தியாகிதான் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் தெருமுனையில் அழகுநிலையம் ஒன்று திறந்தார்கள். முதல் இருபது பெண்களுக்குத் தலை கழுவிவிடுவது இலவசம் என்று துண்டுச்சீட்டு வந்தது. பட்டனக்கா சட்டைக் கட்டை அனுப்பிவிட்டு ஓடிப்போய் பதினெட்டாவது ஆளாக நின்றாள். ஒரு சாய்வு நாற்காலி. பின்னால் கழுத்து வைக்க வளைவாகக் குழிந்த தொட்டி. அங்கிருந்த பெண் ஒரு துவாலையை மடித்து, கல்லாக இறுகிக் கிடந்த அந்த இடத்துக்கு அடியில் சரியாகக் கொடுத்தாள். இளஞ்சூடான தண்ணீர். பிறகு பத்து விரல்கள்.

"தண்ணி சூடு போதுமாக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

போதும் போதும் என்று சொல்லித்தான் பட்டனக்காவிடம் பேசுவார்கள். போதுமா என்று யாரும் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். தலையை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா கிடப்பது இவ்வளவு பெரிய சுகம் என்று முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

அடுத்த முறைக்கு எவ்வளவு என்று விசாரித்தாள். முந்நூறு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தயங்கி, சாப்பாடு பரிமாறும்போது மெல்லக் கேட்டாள்.

"என்னங்க, வருஷத்துல ரெண்டு தடவ... அந்தக் கடையில தலை கழுவிக்கிட்டுமா? முந்நூறுதான் ஆகுமாம்."

தராசுக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். "ஏன், வீட்டுல தண்ணி வரலையா?"

"வருது."

"சோப்பு இல்லையா?"

"இருக்கு."

"கை?"

குழந்தைகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடை குறையுதா ஏறுதா, அதப் பாரு. தலை கழுவினா எவ்வளவு எடை ஏறும்? ஒரு கிராம் ஏறுமா? சொல்லு, குடுக்கிறேன்." தன் சாமர்த்தியத்தை மெச்சித் தானே சிரித்துக்கொண்டார். சிரிக்கும்போது இரண்டாவது பட்டன் தெறித்துவிடும்போல விம்மியது.

அன்றிலிருந்துதான் பட்டனக்கா திருட ஆரம்பித்தாள். திருட்டு என்பது பின்னால் தராசுக்காரர் கொடுத்த பெயர். தான் சம்பாதித்த காசில் தனக்காகக் கொஞ்சம் ஒதுக்குவதற்குத் திருட்டு என்று பெயர் வைக்கத் தனித் திறமை வேண்டும். ஒரு கிலோ சர்க்கரைக்குக் காசு வாங்கிக்கொண்டு போய்த் தொள்ளாயிரம் கிராம் வாங்குவாள். மாவிலும் சோப்புத்தூளிலும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்துச் சட்டென்று டப்பாவில் கொட்டிவிடுவாள். மிச்சச் சில்லறை, உடைந்த பட்டன்கள் போட்டு வைக்கும் டப்பாவின் அடிக்குப் போகும். குறைவதை யாருக்கும் தெரியாமல் ஈடுகட்ட வேண்டுமே, அவளே சர்க்கரை இல்லாமல் டீ குடித்தாள். இப்படி ஆறு மாதம். நானூற்று இருபது சேர்ந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை மதியம், சட்டை வண்டி போனதும், தெருமுனைக்குப் போய்விடுவது என்று நாளும் குறித்துவிட்டாள்.

சனிக்கிழமை இரவு தராசுக்காரர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர், சர்க்கரை டப்பா வழியில் இருக்கிறதென்று ஒதுக்கி வைத்தார். ஒதுக்கியவர் நின்றார். மறுபடி தூக்கினார். அந்தக் கைக்கும் படிக்கல்லுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விஷயம் நாலு சுவருக்குள் இருவருக்குள்ளே முடிந்திருக்கும். அவருக்கு அது போதாது, சபை வேண்டும்.

மறுநாள் ஞாயிறு, ஒன்றாம் தேதி. காலையிலேயே பட்டறைக்குப் போய் ஒரு புது மின்னணுத் தராசைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வெங்காய மொத்த வியாபாரி பழுது பார்க்கக் கொடுத்தது, திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். நூறு கிலோவுக்கும் மேலே தாங்கும், பத்து கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும். தெருவின் அந்தக் கோடியிலிருந்து படிக்கலாம்போலச் சிவப்பு எண்கள். கூடத்தின் நடுவில் அதை வைத்து, மின் இணைப்புக் கொடுத்து, மனைவியையும் மக்களையும் கூப்பிட்டார்.

"பழைய தராசுல நான் படிச்சுச் சொன்னா, அப்பா மாத்திச் சொல்றார்ம்பீங்க. இது அப்படியில்ல. உங்க கண்ணால நீங்களே பாருங்க." சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "நேத்து சாயங்காலம் கொட்டினது. இன்னும் ஒரு ஸ்பூன்கூட எடுக்கல. அப்படித்தானே?"

பட்டனக்கா தலையாட்டினாள்.

"டப்பா நூத்தியெண்பது. சர்க்கரை ஒரு கிலோ. என்ன வரணும்? பெரியவளே, சொல்லு."

"ஒண்ணு புள்ளி ஒண்ணு எட்டு" என்றாள் பெரியவள்.

"என்ன வந்திருக்கு?"

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். படித்தது சின்னவள்தான், எழுத்துக் கூட்டுவது போல: "ஒண்ணு... புள்ளி... பூஜ்யம்... எட்டு."

"நூறு கிராம் எங்க?"

பிறகு நேற்றே நிரப்பிய மாவு டப்பா வந்தது. சோப்புத்தூள் டப்பா வந்தது. ஒவ்வொன்றும் சாட்சி சொல்லிவிட்டு இறங்கியது. ஏமாற்றியது கடைக்காரன்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாய்வரை வந்தது. ஆனால் இந்த மனிதர் நேரே கடைக்குப் போய், படிக்கல்லோடு நின்று, அந்தக் கடைக்காரர் மானத்தையும் வாங்கிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். உடைந்த பட்டன்களோடு நோட்டும் சில்லறையும் சிதறின.

"எதுக்கு?"

"தலை கழுவிக்க."

"திருட்டு" என்றார் தராசுக்காரர். குழந்தைகளைப் பார்த்துத் திரும்பி, பாடம் நடத்துகிற தோரணையில் இன்னொரு முறையும் சொன்னார். "இதுக்குப் பேரு திருட்டு. இந்த வீட்டுல யாரும் தனக்குன்னு தனியா எதுவும் வச்சுக்கிறதில்ல. நான் வச்சுக்கிறேனா? என் தட்டுல இருக்கிறதையே எடுத்து உங்களுக்குக் குடுக்கிறேன். உங்க அம்மா உங்க சர்க்கரையக் குறைச்சு காசு ஒளிச்சு வச்சிருக்கா."

பட்டன்களைத் தள்ளிவிட்டுக் காசைப் பொறுக்கி எடுத்து, பெட்டியைத் திறந்து உள்ளே போட்டார். பட்டனக்கா தரையில் உட்கார்ந்து பட்டன்களைப் பொறுக்கினாள். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிந்தது. காசு போனதற்கில்லை. பெரியவள் அந்த வார்த்தையைக் கேட்டதும் தலை குனிந்ததே, அதற்கு.

இத்தோடு அவர் வாயை மூடியிருந்தால் இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும், அவருக்குச் சாதகமாக. ஆனால் ஜெயித்தவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சின்னவள் சிவப்பு எண்களையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "ஏறிப் பாரு, ஏறு" என்றார் தாராளமாக. அவள் ஏறினாள். 19.60. உடனே அவளைப் பழைய தராசிலும் ஏற்றி, குண்டைத் தள்ளினார். "பத்தொம்பதரைக்கு மேல ஒரு இழை. பாத்தியா? பழசும் புதுசும் ஒண்ணு. என் கை பட்ட மெஷின் பொய் சொல்லாது." பெரியவளையும் இரண்டிலும் ஏற்றி, அதையே மறுபடி சொன்னார். பெரியவள் எழுதினாள்.

பட்டனக்காவைக் கூப்பிட்டார். பட்டன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். 46.80. போன மாதம் நாற்பத்தெட்டு.

"அது வெயிலுக்கு" என்றார்.

"இப்ப நீங்கப்பா!" என்று சின்னவள் குதித்தாள்.

"நான் பழசுலயே பாத்துக்கிறேன்."

"இதுலப்பா! சிவப்பா வரும்!"

"இது வியாபாரி மெஷின். சும்மா சும்மா ஏறக்கூடாது."

பட்டனக்கா தராசிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றாள். அந்தக் குரலில் ஒரு பிசிறு அவள் காதில் பட்டது. பதினான்கு வருடம் கேட்ட குரல், ஒரு தடவைகூடப் பிசிறடித்ததில்லை. அவர் சட்டையைப் பார்த்தாள், மூன்று முறை தள்ளித் தைத்த பட்டன்களைப் பார்த்தாள். சுவரில் இருந்த வரிசையையும் பார்த்தாள்.

"ஏறுங்க" என்றாள். "பழசும் புதுசும் ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தராசுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சாவிக்கொத்தை எடுத்து வைத்தார். பெல்ட்டைக் கழற்றினார். சட்டைப்பையில் இருந்த பேனாவைக்கூட எடுத்து வைத்தார். பூட்ஸ் காலோடு தராசில் ஏறுகிற மூட்டைக்காரர்களைத் திட்டுகிற மனிதர், இப்போது மீசையைக்கூட எடுத்து வைக்கச் சொன்னால் வைத்திருப்பார். பிறகு வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வயிற்றை உள்ளிழுத்தால் எடை குறையாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம்.

72.40.

இறங்கினார். மறுபடி ஏறினார். 72.40.

"எழுபத்திரண்டு" என்று உரக்கப் படித்தாள் சின்னவள். படித்து முடித்த சந்தோஷம் மட்டுமே அவளுக்கு. "அப்பா, நீங்க அறுபத்தொண்ணுதானே?"

"மெஷின் தப்பு" என்றார் தராசுக்காரர். "இன்னும் முழுசா பழுது பாக்கல. அதான் திங்கக்கிழமை தரேன்னு சொன்னேன்."

"அப்ப சர்க்கரை?" என்றாள் பட்டனக்கா.

"என்ன சர்க்கரை?"

"மெஷின் தப்புன்னா சர்க்கரை எடையும் தப்புதானே? என்னைத் திருடின்னு சொன்னது இந்த மெஷின வச்சுத்தானே?" அவள் குரலை உயர்த்தவில்லை. "எதுன்னு சொல்லுங்க. மெஷின் தப்பா, நீங்க தப்பா?"

பதில் தேடி அவர் கண்கள் கூடம் முழுக்க அலைந்தன. அதற்குள் பெரியவள், யாரும் சொல்லாமலே, கருவிப் பைக்குப் போய் முத்திரை குத்திய பத்துக் கிலோ படிக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். அப்பா எத்தனையோ முறை செய்து காட்டியதுதான். சந்தேகம் வந்தால் படிக்கல்லை வை, மனுஷங்க பேச்சைக் கேக்காதே. குனிந்து மெல்ல வைத்தாள்.

10.00.

தராசுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையின் இரண்டாவது பட்டன் அந்த நேரம் பார்த்துத் தெறித்து உருண்டது. யாரும் சிரிக்கவில்லை.

"பேக்கரியில..." என்றார். "வெள்ளிக்கிழமை... கூலிக்குப் பதிலா ரெண்டு க்ரீம் கேக் தருவார். சில நாள் மூணு. சும்மா வாங்கி வச்சா கெட்டுப்போயிடும், அதான் அங்கயே..."

"கூலியே குடுக்கிறதில்லன்னு சொன்னீங்க."

"காசாக் குடுக்கிறதில்லன்னு சொன்னேன்."

நான்கு வருட வெள்ளிக்கிழமைகள். சட்டையில் வீசிய வெண்ணெய் வாசனைக்கு, கடையில் நின்றால் ஒட்டிக்கொள்ளாதா என்று அவர் சொன்னதும், இவள் நம்பியதும் நினைவுக்கு வந்தன. தட்டில் பாதி மிஞ்சியது பசி இல்லாததால். மூன்று கேக் முழுங்கிவிட்டு வந்தவருக்கு எங்கிருந்து பசிக்கும்? அந்த எச்சத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்து, இரண்டு பெண் குழந்தைகளை நன்றி சொல்லவும் வைத்திருக்கிறார். கேக் தின்றது பட்டனக்காவுக்குப் பெரிதாகப் படவில்லை. மனுஷனுக்கு நாக்கு இருக்கிறது, ஆசை இருக்கிறது, தின்றுவிட்டுப் போகட்டும். அந்த நன்றியை வாங்கினாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சின்னவள் யோசித்து யோசித்து ஓரிடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். "அப்ப நாங்க சொன்ன தேங்க்ஸெல்லாம்?" என்று கேட்டாள்.

தராசுக்காரர் விரிந்த சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பெரியவள் பென்சிலை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். எப்போதும் அப்பா சொன்னால்தான் எழுதுவாள். இன்று யாரும் சொல்லவில்லை. அறுபத்தொன்றுகளின் அடியில், அழுத்தமாக, 72.40 என்று எழுதிவிட்டுத் திரும்பி வந்து அம்மா பக்கத்தில் நின்றாள்.

பட்டனக்கா மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்தாள். பெட்டியைத் திறந்தாள். நானூற்று இருபதை எண்ணி எடுத்தாள், ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெட்டியைப் பூட்டினாள்.

"செருப்பு போட்டுக்கிட்டு எங்கம்மா போற?" என்றாள் சின்னவள்.

"தலை கழுவ."

"நானும் வரட்டா?"

"இல்ல கண்ணு. இன்னிக்கு அம்மா மட்டும்."

அழகுநிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை. அதே பெண்தான் வந்தாள், அதே மாதிரி துவாலையை மடித்துக் கழுத்துக்கு அடியில் கொடுத்தாள். "தண்ணி சூடு போதுமாக்கா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் சூடா வேணும்" என்றாள் பட்டனக்கா.

கண்ணை மூடினாள். பத்து விரல்களும் வேலையைத் தொடங்கின. கழுத்தில் இருந்த கல் ஓரிடத்தில் லேசாக இளகியது. அப்போதுதான் அழுகை வந்தது. தண்ணீரோடு தண்ணீராக அது போய்விட்டது, அந்தப் பெண்ணும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீடு திரும்பியபோது மதியம் ஆகியிருந்தது. மின்னணுத் தராசு துணி போர்த்தி ஓரமாக நின்றது. பெரியவள் சாதம் வடித்து வைத்திருந்தாள். சின்னவள் ஓடிவந்து அம்மாவின் முடிக்குள் முகத்தைப் புதைத்து, "வாசனையா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி புதைத்துக்கொண்டாள். மிச்சம் நூற்று இருபதைப் பட்டன் டப்பாவில் போட்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நடு அலமாரியில் வைத்தாள் பட்டனக்கா. கீழே கிடந்த சட்டைப் பட்டனையும் பொறுக்கி அதிலேயே போட்டாள். தைத்துக் கொடுக்கிற எண்ணம் இன்றைக்கு அவளுக்கு இல்லை.

தராசுக்காரர் அதே நாற்காலியில் இருந்தார். விரிந்து கிடந்த சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்தாலும் பேசாமல் இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார்.

பட்டனக்கா முடியை உதறி முதுகில் விட்டுக்கொண்டாள்.

"எடை போட்டுப் பாத்துக்குங்க" என்றாள்.